ஏழாவது கட்டம்

ஏழாவது கட்டத்தில் கப்பலின் வகை கேட்டிருக்கிறது.
சரக்குக் கப்பலா, போர்க் கப்பலா,
ஒன்றை அடித்துவிட வேண்டுமாம்.
பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்க சார்.
கடியபட்டணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
நாகர்கோவில் வந்தது
ஒன்றை அடிப்பதற்கு இல்லை.

அடிவயிறு நிறையக் கோதுமை.
முதுகில் பலகை கவிழ்த்தாற்போல் ஒரு தளம்.
அதன்மேல் நாலு விமானம், துணி போர்த்திய இறக்கை.
கோதுமையைக் கேட்டால் சரக்குக் கப்பல் என்னும்,
விமானத்தைக் கேட்டால் போர்க் கப்பல் என்னும்.
இரண்டுக்கும் நடுவே, கொதிகலன் அறையில்,
லூர்து மகன் சிலுவைப்பிச்சை.

கடலில் பிழைக்கிற சாதி நான்.
பதினாலு மாதம் அந்தக் கடலில் கிடந்தும்
கடலைக் கண்டது பத்துப் பதினைந்து தடவை.
மீன் கழுவிக் கொட்டின தண்ணீர் நிறம்.
மேலே குளிரில் கயிறெல்லாம் கண்ணாடியாகும்,
கீழே நாங்கள் வெற்றுடம்போடு வேகுவோம்.

விமானம் பறந்ததைப் பார்த்ததே இல்லை.
எல்லாம் காதுக் கணக்கு.
போகும்போது தலைக்குமேல் ஓர் உருளல்,
வரும்போது ஒரு தொம்.
சாக்குக்கட்டியால் சுவரில் கோடு கிழிப்போம்,
நானும் சில்ஹெட்டுக்காரன் மொஃபிஸ் அலியும்.
அவன் பாஷை எனக்குத் தெரியாது,
எனக்க பாஷை அவனுக்குத் தெரியாது.
நாலு என்றால் நாலு விரல்.

அன்றைக்கு மூன்று தொம்தான்.

புகை கூடாது என்பது அங்கே முதல் கட்டளை.
ஒரு முழம் எழும்பினால் போதும்,
தண்ணீருக்கடியில் பதுங்கிக் கிடப்பவன் கண்டுகொள்வான்,
கூட வருகிற முப்பது கப்பலுக்கும் கேடு.
குழாயில் குரல் வந்தது: புகை போடு.
நம்பாமல் திருப்பிக் கேட்டோம்.
புகை. கறுப்பாக.

எனக்கு உடனே பிடிபட்டது சார்.
இருட்டின பிறகும் வள்ளம் வராவிட்டால்
எங்கள் கரைப் பெண்கள் ஓலைச்சூட்டு கொளுத்தி
மணலில் நிற்பார்கள்.
அந்தச் சூட்டைத்தான் கேட்கிறான் கப்பித்தான்.
காற்றுக் கதவைச் சாத்தி எண்ணெயைத் திறந்தேன்.
அடுப்பு மூச்சுமுட்டி இருமியது.
இருபது நிமிடம்.
அடி விழுந்தால் முதலில் எங்கள் பக்கம்தான் விழும்.
மொஃபிஸ் அலியின் உதடு அசைந்துகொண்டிருந்தது.
நானும் அருள் நிறைந்த மரியே சொன்னேன்,
எத்தனை என்று எண்ணவில்லை.

தொம்.

நாலாவது கோட்டை அவன்தான் போட்டான், வளைந்து போனது.

விடிந்ததும் டீ கொண்டுவந்த பையன் சொன்னான்,
இறங்கினது நம்முடையது இல்லையாம்.
வேறு கப்பலின் விமானம், வழி தப்பி
நம் புகையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.
நம்முடையதில் போனவர் மூன்று பேர்.
பெயரும் சொன்னான். என் நாக்குக்கு அடங்கவில்லை.
கோட்டை அழிக்கவா என்று மொஃபிஸ் அலி கையை அசைத்தான்.
வேண்டாம் என்றேன்.

அந்த வருடம்தான் எனக்க வீட்டில்
அரிசியைக் கண்ணால் காணாமல்
மரச்சீனிக்கும் வரிசையில் நின்றார்கள்.
கடிதம் கைக்கு வர மூன்று மாதம்.
ஏழாயிரம் டன் கோதுமைக்கு மேலே நின்று
ஒருத்தன் வாசிக்கக் கேட்டேன்.
அதற்கு எந்தக் கட்டம் சார்?

போன ஆனியில், கடலடிக்கிற நேரத்தில்,
பதினொரு வள்ளம் போய்ப் பத்து திரும்பின.
ராத்திரி ஒன்று அலையைத் தாண்டி வந்ததும்
எண்ணிக்கை சரி என்று கரை முழுக்கக் கூச்சல்.
நான் கத்தவில்லை.
கழுத்தளவு இறங்கி, வள்ளத்தின் மூக்கைப் பிடித்து
எந்த ஊர் என்று கேட்டேன்.
சின்னவிளை என்றார்கள்.
ஏலோ என்று எல்லோருமாய் இழுத்து மணலில் ஏற்றினோம்,
கஞ்சி கொடுக்கச் சொன்னேன்.

சூட்டை மட்டும் அணைக்க விடவில்லை.